கவலையையும் கணக்கில் எழுதுவோம்

(தோட்டக் கிளைச் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் செயலவையின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

நமது கூட்டங்களில் கூலியைப் பற்றிப் பேசுகிறோம். போனசைப் பற்றிப் பேசுகிறோம். லயத்துக் கூரை ஒழுகுவதைப் பற்றியும் தண்ணீர்க் குழாயைப் பற்றியும் பேசுகிறோம். இவற்றைக் கேட்க நமக்கு வாய் இருக்கிறது. ஆனால் இரவில் தூக்கம் வராமல் அந்தக் கூரையையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறோமே, அதை மட்டும் எந்தக் கூட்டத்திலும் எவரும் எழுந்து நின்று சொல்வதில்லை. "அது அவரவர் வீட்டுச் சமாச்சாரம்" என்று ஒதுக்கிவிடுகிறோம்.

இன்று அந்தச் சமாச்சாரத்தைத்தான் பேச வந்திருக்கிறோம். கவலை என்பது கதவைச் சாத்திக்கொண்டு மறைக்க வேண்டிய வெட்கக்கேடு அல்ல. தொழிலாளியின் தோளில் ஏறும் சுமைகளில் அதுவும் ஒன்று. காண்டாவில் தூக்கிவரும் பாலை நிறுத்துக் கணக்கில் எழுதுகிறோம் அல்லவா? அதுபோல இந்தச் சுமையையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். எழுதிப் பார்க்க வேண்டும். இறக்கி வைக்கக் கூடியதை இறக்கி வைக்க வேண்டும். தனியாக இறக்க முடியாததை நாலு பேராகப் பிடித்து இறக்க வேண்டும். நாம் சொல்ல வந்தது இவ்வளவே.

கவலை கோழைத்தனமா?

விடியற்காலை இருட்டில் தலைவிளக்கோடு நிரையில் போகிறோம். காலடியில் பாம்பு நெளிகிறது. அந்தக் கணத்தில் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வேகமாகிறது, கைகால் முறுக்கேறுகிறது, பசி இருந்த இடம் தெரிவதில்லை. சிறுநீரகத்தின் மேல் தொப்பி வைத்தாற்போல் இருக்கும் ஒரு சிறு சுரப்பி, அட்ரினலின் என்னும் பொருளை இரத்தத்தில் கலக்கச் செய்வதால் வரும் மாற்றம் அது. ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ தேகம் செய்துகொள்ளும் ஆயத்தம். வால்டர் கேனன் என்ற அமெரிக்க அறிஞர் 1915-இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார். பாம்பு புதருக்குள் போய்விட்டால் சற்று நேரத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஆகவே இது நம்மைக் காப்பதற்காக அமைந்த ஏற்பாடு, கோழைத்தனம் அல்ல.

ஆனால் தோழர்களே, கடன் பாம்பு அல்ல; அது புதருக்குள் போவதில்லை. வேலை நிலைக்குமா, மகனுக்கு இடம் கிடைக்குமா, மருமகளின் பிரசவத்துக்குப் பணம் வேண்டுமே என்ற கேள்விகள் காலையிலும் நிற்கின்றன, மாலையிலும் நிற்கின்றன. தேகமோ ஒவ்வொரு நாளும் பாம்பைக் கண்டாற்போலவே ஆயத்தம் செய்கிறது. கனடாவின் மான்ட்ரியால் நகரில் ஹான்ஸ் செல்யே என்பவர் எலிகளை வைத்துச் சோதித்து, 1936-இல் ஓர் உண்மையை வெளியிட்டார். குளிரோ, காயமோ, அளவு மீறிய உழைப்போ, எதுவானாலும் சரி, தொல்லை ஓயாமல் நீடித்தால் உயிர் முதலில் திடுக்கிடுகிறது. பிறகு பல்லைக் கடித்துத் தாங்குகிறது. கடைசியில் ஓய்ந்து விழுகிறது. நம்மில் பலர் அந்த நடுக்கட்டத்தில் நிற்கிறோம். பல்லைக் கடித்துத் தாங்குகிறோம்; அதையே தைரியம் என்று எண்ணிக்கொள்கிறோம்.

யாருக்கு அதிகம்?

பெரிய நாற்காலியில் இருப்பவருக்குத்தான் பெரிய கவலை என்று சொல்வது வழக்கம். லண்டனில் அரசாங்க ஊழியர்களை வைத்து 1967-இல் ஒரு பெரிய ஆராய்ச்சி தொடங்கினார்கள். கண்டது நேர்மாறாக இருந்தது. மேலதிகாரிகளைவிடக் கீழ்ப்படியில் இருந்த சேவகர்களிடையேதான் நெஞ்சு நோய் மரணம் அதிகம். புகைப் பழக்கம் முதலியவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும் அந்த வேறுபாடு முழுதும் மறையவில்லை. 1979-இல் ராபர்ட் கராசெக் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர், வேலைப்பளு மிகுந்து, அந்த வேலையைப் பற்றித் தீர்மானிக்கும் அதிகாரம் குறைந்து, இரண்டும் ஒருவர் தலையில் சேரும்போதுதான் மனம் மிகவும் நைந்து போகிறது என்று எடுத்துக்காட்டினார்.

இது யாருடைய கதை? நம்முடைய கதை. மழை பெய்தால் பட்டை நனைந்து வெட்டு நின்றுவிடும். மழை நம் கையில் இல்லை. ரப்பர் விலை எங்கோ சந்தையில் ஏறி இறங்கும். அது நம் கையில் இல்லை. எந்த நிரை, எத்தனை மரம் என்பதை வேறொருவர் சொல்கிறார். குடியிருக்கும் வீடும் தோட்டத்தின் வீடு. ஆபீசில் இருக்கும் கிராணிமார்களாகிய நாங்களும் இதற்கு விலக்கல்ல. மேலே இருந்து வரும் கோபமும், ஜன்னலுக்கு வெளியே நிற்கும் தொழிலாளியின் கோபமும் எங்கள் மேசையில்தான் வந்து சந்திக்கின்றன.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் நடந்த வேலைநிறுத்தங்களில் அவர்கள் கூலி உயர்வை மட்டும் கேட்கவில்லை. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள். சைக்கிளை விட்டு இறங்குவதால் கூலியில் ஒரு காசும் குறையவில்லை, மனத்தில்தான் குறைந்தது. அந்த மன நஷ்டத்தையும் கோரிக்கைத் தாளில் எழுதியவர்கள் அவர்கள். அவர்கள் வழிவந்த நாம் கவலையைப் பற்றிச் சங்கத்தில் பேசுவது புதுமை அல்ல.

மரத்துக்கு உண்டு ஓய்வு

பால்மரத்தை நாம் எப்படி நடத்துகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டுகிற முறை ஏன் வந்தது? ஓயாமல் வெட்டினால் பால் வற்றிவிடும். வெட்டுக்கோட்டில் ஒரு சொட்டும் இறங்காது. அப்படி ஆன மரத்தைத் திட்டிப் பயனில்லை. ஓய்வு கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். மரத்துக்குத் தெரிந்த இந்த நியாயத்தை நாம் நமக்கும் நம் வீட்டுப் பெண்களுக்கும் கொடுக்கிறோமா? மூன்று மணிக்கு எழுந்து சமைத்து, பிள்ளைக்குப் பள்ளிச்சோறு கட்டி, பெரட்டுக்கு நின்று, பால் எடுத்து வந்து, மறுபடியும் அடுப்படிக்குப் போகிற தாய்மார் இங்கே பலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு எந்த நாள் 'வெட்டு இல்லாத நாள்' என்று வீட்டில் உள்ள ஆண்களைக் கேளுங்கள்.

அடையாளங்கள்

கவலை அளவு மீறுகிறது என்பதை எப்படிக் கண்டுகொள்வது? நம் தொழிலிலேயே அடையாளம் இருக்கிறது.

நல்ல கைக்காரர் என்று பெயர் எடுத்தவரின் மரங்களில் திடீரென்று காயம் விழத் தொடங்கினால் கவனியுங்கள். உளி பட்டையைத் தாண்டி மரத்தில் பாய்கிறதென்றால் நினைவு வேறெங்கோ இருக்கிறது. தண்டல்மார்களே, காயத்துக்கு ஏசுவதற்கு முன்னால் "வீட்டில் எல்லாரும் சுகமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஆபீசில் செக்ரோலில் ஒரே பத்தியை மூன்று முறை கூட்டியும் மூன்று விடை வருகிறதென்றால் அதுவும் அதே அடையாளம்தான்.

நான்கு மணிக்கு எழுவது நம் தொழில். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஒரு மணிக்கே விழித்து, அதற்குமேல் கண்மூடாமல் ஒரே விஷயத்தைச் சுற்றிச் சுற்றி நினைப்பது கவலையின் அடையாளம். தலைவலி, கழுத்து இறுக்கம், வயிற்றுப் புரட்டல், நெஞ்சுப் படபடப்பு, பசியின்மை, பிள்ளைகள் மேல் காரணமில்லாத எரிச்சல், பிடித்த காரியத்திலும் பிடிப்பு விட்டுப்போதல், இவையும் அந்த வரிசைதான். ஆனால் ஓர் எச்சரிக்கை: நெஞ்சுவலியும் மூச்சுத் திணறலும் வந்தால் "கவலையாக இருக்கும்" என்று நாமே தீர்ப்புச் சொல்லக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பொய்யான மருந்துகள்

கவலைக்கு மருந்து என்று நம்மிடையே வலம் வருகிற சிலவற்றைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது.

முதலாவது குடி. சம்சு குடித்தால் தூக்கம் வருகிறது என்பார்கள். வருவது மெய், நிலைப்பது பொய். முன்னிரவில் அழுத்திய தூக்கம் பின்னிரவில் உடைந்துபோகும். விடிந்தால் கவலை அங்கேயே இருக்கும். பையில் இருந்த காசுதான் இருக்காது. 1947-இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைக்கு எதிராகத் திரண்டது சும்மா அல்ல. தொழிலாளியின் கூலியும் நிம்மதியும் ஒரே வாசல் வழியாக வெளியேறுவதை அவர்கள் கண்டார்கள்.

இரண்டாவது ஆலோங் கடன். ஒரு கவலையைத் தீர்க்க வாங்கி, ஒன்பது கவலையை வீட்டுக்கு அழைத்து வருவது அது. மூன்றாவது கைத்தொலைபேசி. தூக்கம் வரவில்லை என்று அதை எடுத்தால், வாட்சாப்பில் யாரோ அனுப்பிய வதந்தி இருக்கிற தூக்கத்தையும் துரத்திவிடும். நான்காவது வீட்டாரின் மேல் பாய்வது. ஆபீசிலும் வேலைக்காட்டிலும் வாய் திறக்க முடியாத கோபத்தை மனைவி மக்கள் மேல் காட்டுவது ஆண்மை அல்ல, அநீதி.

மூன்று பத்தி போடுவோம்

சரி, என்ன செய்வது? கிராணி வேலை பழகியவர்கள் என்ற முறையில் கணக்கு வழியையே சொல்கிறோம். பிள்ளையின் பழைய நோட்டில் ஒரு தாளை எடுங்கள். மனத்தில் உருளுகிறவற்றை ஒவ்வொன்றாக எழுதுங்கள். எழுதத் தயங்குகிறவர் பிள்ளையிடமோ நண்பரிடமோ சொல்லி எழுதச் சொல்லலாம். பிறகு மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதல் பத்தி, இன்று நம் கையால் ஆவது. இரண்டாம் பத்தி, நாலு பேர் சேர்ந்தால் ஆவது. மூன்றாம் பத்தி, யார் கையிலும் இல்லாதது.

ஓர் உதாரணம் பார்ப்போம். "தோட்டத்தை விற்கப் போகிறார்களாம்" என்ற பேச்சு லயத்தில் பரவுகிறது. ரப்பர் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்பு நிலமாகவும் மாறி வருவதைக் கண்ணாரக் கண்டவர்கள் நாம். ஆகவே பயம் நியாயமானது. ஆனால் வெறும் பயமாக வைத்திருந்தால் அது தின்றுவிடும். தாளில் எழுதுவோம்.

முதல் பத்தி: வேலையில் சேர்ந்த தேதிக்கு அத்தாட்சி, சம்பளச் சீட்டு, சேமநிதிக் கணக்கு ஆகியவற்றைத் தேடி ஒரே உறையில் வைப்பது. சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்வது. ஆட்குறைப்பு என்றால், 2 ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு 4 வாரம், 2 முதல் 5 ஆண்டுக்கு 6 வாரம், 5 ஆண்டும் அதற்கு மேலும் 8 வாரம் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஓராண்டாவது வேலை செய்தவருக்கு இழப்பீடு உண்டு. சேவைக் காலம் 2 ஆண்டுக்குக் குறைவானால் ஆண்டொன்றுக்கு 10 நாள் சம்பளம். 2 முதல் 5 ஆண்டானால் 15 நாள். 5 ஆண்டும் அதற்கு மேலுமானால் 20 நாள். தோட்டம் கைமாறி, புதிய முதலாளி குறையாத நிபந்தனையில் வேலையைத் தொடர அழைத்தால் கணக்கு வேறு. அதைச் சங்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். 2018 முதல் சொக்சோவின் வேலை இழந்தோர் காப்புறுதித் திட்டமும் இருக்கிறது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வேலை இழந்த 60 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும்.

இரண்டாம் பத்தி: வீடு என்னாகும், கோயில் என்னாகும், பள்ளி என்னாகும் என்பவை. இவற்றைத் தனி ஒருவர் கேட்டால் பதில் வராது. கிளை கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். 1950-களில் தோட்டத் துண்டாடல் என்ற கவலை நம் பாட்டன்மாரைப் பிடித்து ஆட்டியது. 1960-இல் துன் சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தொழிலாளர் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்டினார்கள்; அந்தப் பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். தனித்தனியாக இருந்தவரையில் அது கவலை. சேர்த்து வைத்தபோது அது மூலதனம்.

மூன்றாம் பத்தி: நிலத்தின் விலை, உலகச் சந்தை, முதலாளியின் மனம். இவற்றை எழுதிக் கோடு போட்டு வைப்போம். நள்ளிரவில் இவை கதவைத் தட்டினால், "உன் பெயர் மூன்றாம் பத்தியில் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுப்போம்.

கடனுக்கும் இதே வழிதான். யாருக்கு எவ்வளவு, மாதம் எவ்வளவு என்று எழுதினால் பூதம் சுருங்கி எண்ணாகிவிடும். வங்கிக் கடனும் மோட்டார் சைக்கிள் தவணையும் கழுத்தை நெரித்தால், 2006-இல் பேங்க் நெகாரா அமைத்த ஏ.கே.பி.கே. நிறுவனம் கட்டணமின்றி யோசனை சொல்கிறது. சம்பளமே குறைவாக வருகிறதா? 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. பாலின் அளவுக்குக் கூலி வாங்குகிறவருக்கும் அந்த விதி உண்டு. சம்பளச் சீட்டோடு கிளைக்கு வாருங்கள்.

தாளோடு சேர்த்துச் சில சிறு பழக்கங்கள். படுக்குமுன் ஐந்து நிமிடம், மூச்சை மெல்ல இழுத்து, இழுத்ததைவிட நீளமாக வெளியே விடுங்கள், படபடப்புத் தணியும். மாலைக்குப் பிறகு கோப்பி வேண்டாம். தொலைபேசியைத் தலைமாட்டில் வைக்க வேண்டாம். நாளுக்கு ஒருமுறை வீட்டில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து உண்ணுங்கள். மாலையில் ஒரு நண்பரோடு கோயில் வரை நடந்துவிட்டு வாருங்கள்.

எல்லை மீறினால்

இத்தனையும் செய்தும், இரண்டு வாரத்துக்கு மேல் மனம் இருண்டே கிடந்தால், தூக்கமும் பசியும் திரும்பாவிட்டால், அது வைத்தியரிடம் சொல்ல வேண்டிய நோய். மலேரியாவுக்கு மருந்து உண்டு என்பது போல இதற்கும் மருந்து உண்டு. பேச்சு வைத்தியமும் உண்டு. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான். "உடம்பு வலி" என்று மட்டும் சொல்லி வலி மாத்திரை வாங்கி வராமல், "மனம் சரியில்லை, தூக்கம் இல்லை" என்று துணிந்து சொல்லுங்கள். இதைச் சொல்பவர் பைத்தியம் ஆகிவிட மாட்டார். சொல்லாமல் விடுவதுதான் ஆபத்து.

தோழர்களே, சொல்லக் கூசுகிற ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். "நான் இல்லாவிட்டால் உங்களுக்கெல்லாம் நிம்மதி" என்று ஒருவர் சொன்னால் அதை வெறும் பேச்சென்று தள்ளாதீர்கள். "உயிரை விட வேண்டும் என்ற நினைப்பு வருகிறதா?" என்று நேராகவே, அன்பாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்பதால் பாரம்தான் குறையும். அவரைத் தனியே விடாதீர்கள். கிளினிக்குக்கு உடன் போங்கள். களைக்கொல்லி மருந்துகள் ஸ்டோரில் பூட்டுக்குள் இருக்க வேண்டும்; லயத்து வீட்டில் ஒரு போத்தலும் இருக்கக் கூடாது. சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணிலும், பிஃரெண்டர்ஸ் அமைப்பின் 03-76272929 என்ற எண்ணிலும் பேசலாம். போலீசுக்குப் பயந்து மறைக்கவும் வேண்டாம். உயிரை மாய்க்க முயன்றவரைக் குற்றவாளியாக்கிய சட்டப் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. அவருக்கு வேண்டியது சிகிச்சை, தண்டனை அல்ல.

கிளையின் கடமை

கடைசியாக, செயலவையின் யோசனைகளை உங்கள் முன் வைக்கிறோம். ஒவ்வொரு லயத்துக்கும் ஓர் ஆண், ஒரு பெண் என இருவர், காது கொடுத்துக் கேட்பதற்கென்றே பொறுப்பேற்க வேண்டும். அவர்கள் புத்தி சொல்ல வேண்டியதில்லை. பொறுமையாகக் கேட்டால் போதும். கேட்டதைக் குழாயடியில் கொட்டக் கூடாது. கொட்டினால் அந்தப் பொறுப்பு அன்றே பறிக்கப்படும். காரணம் சொல்லாமல் மூன்று நாள் பெரட்டுக்கு வராதவர் வீட்டுக்கு ஒருவர் போய்ப் பார்த்து வர வேண்டும். ஆபீசில் இருக்கும் நாங்கள் சேமநிதி, சொக்சோ, கிளினிக் பாரங்களை வாரம் ஒரு மாலை உட்கார்ந்து எழுதித் தருகிறோம்.

பக்கத்து லயத்தில் இருக்கும் வங்காளதேசத்து, இந்தோனேசியத் தொழிலாளரையும் மறக்க வேண்டாம். கடலுக்கு அப்பால் குடும்பத்தை விட்டுவிட்டு, ஏஜெண்டுக் கடனைத் தலையில் சுமந்து வந்தவர்கள் அவர்கள். நம் பாட்டன்மாரும் அப்படித்தான் கப்பலேறி வந்தார்கள். மொழி தெரியாவிட்டாலும் ஒரு கோப்பைத் தேநீர் கொடுக்க மொழி வேண்டியதில்லை.

கவலையே இல்லாத வாழ்வு ஒன்றை யாரும் வாக்களிக்க முடியாது. மழை பெய்யும், விலை இறங்கும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். ஆனால் ஒருவர் கவலை ஒருவருக்கே என்றிருக்கும் நிலையை மாற்ற நம்மால் முடியும். யோசனைகளின் மேல் உங்கள் அபிப்பிராயங்களைச் சொல்லுங்கள். லயத்துக்கு இருவர் பெயரை இன்றே எழுதிக்கொண்டு கலைவோம்.